‘இணையம்’: சொல்லும் பொருளும் வழக்கும் – ஒரு விமர்சன நோக்கு

ஒரு மொழி புதிய பொருளொன்றை எதிர்கொள்ளும்போது அதற்கு இடும் பெயர் வெறும் அடையாளமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அப்பொருளைப் பற்றி அம்மொழியைப் பேசுவோர் எவ்வாறு சிந்திக்கப் போகின்றனர் என்பதையும் அப்பெயர் ஓரளவிற்குத் தீர்மானித்துவிடுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) காலந்தொட்டுத் தமிழிற் கலைச்சொல்லாக்கம் பற்றி எழுந்த விவாதங்கள் பெரும்பாலும் ஒரு வினாவையே மையமாகக் கொண்டு சுழன்றுள்ளன. சொல் தனித்தமிழாக அமைதல் வேண்டுமா, வடமொழியிலிருந்து பெறப்படலாமா, அன்றி ஆங்கிலச் சொல்லே ஒலிபெயர்க்கப்படலாமா என்பதே அவ்வினா. ஆக்கப்பட்ட சொல் மக்கள் வழக்கிற்குட் புகுந்த பின்னர் அதன் பொருளுக்கு என்ன நேர்கின்றது என்ற மற்றொரு வினா அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை.

இவ்விரண்டாவது வினாவை ஆராய்வதற்கு ‘இணையம்’ என்னும் சொல் மிகப் பொருத்தமானது. தமிழ்ச் சொல்லாக்கத்தின் ஐயமற்ற வெற்றிகளுள் அது ஒன்று. ‘கணினி’, ‘கணனி’ என்ற வடிவங்களிடையே தமிழகமும் ஈழமும் நெடுங்காலம் வேறுபட்டு நின்றமை யாவரும் அறிந்ததே. ‘இணையம்’ என்ற சொல்லோ சிங்கப்பூர், மலேசியா, தமிழகம், இலங்கை, புலம்பெயர் நாடுகள் அனைத்திலும் ஒரே வடிவில் நிலைபெற்றுள்ளது. எனினும், இவ்வெற்றியின் நிழலிற் சில பொருண் மயக்கங்களும் வளர்ந்துள்ளன. அவை மொழியியலாளரின் கவலையாக மட்டும் இருப்பின் பொருட்படுத்தாது விடலாம். அவை சட்டத்தையும் உரிமையையும் ஒரு சமூகத்தின் நினைவுப் பேணலையும் தொடுவனவாக உள்ளமையாலேயே அவற்றை ஆராய்தல் அவசியமாகின்றது.

1. மூலச்சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் ‘இன்டர்நெட்’ என்பது தொடக்கத்தில் ஒரு பெயர்ச்சொல்லாகக்கூட இருக்கவில்லை. வலையமைப்புகளை ஒன்றோடொன்று தொடுத்தலைக் குறித்த ‘இன்டர்நெட்வேர்க்கிங்’ என்ற நீண்ட சொல்லின் சுருக்கமாக, ஓர் அடைமொழியாகவே அது தோன்றியது. 1974 டிசம்பரில் வின்ரன் சேர்ஃப், யோகன் தலால், கார்ல் சன்ஷைன் ஆகிய மூவரும் வெளியிட்ட தொழினுட்ப ஆவணமொன்றின் தலைப்பிலே அச்சொல் அவ்வாறே இடம்பெற்றுள்ளது.

இங்கு மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1969 இல் நான்கு நிலையங்களை இணைத்துத் தொடங்கப்பெற்ற ‘ஆர்ப்பாநெட்’ ஒரு வலையமைப்பு. அது இணையம் அன்று. வானொலி வழி இயங்கிய வலையமைப்பு வேறு, செய்மதி வழி இயங்கிய வலையமைப்பு வேறு. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி விதிமுறைகளைக் கொண்டிருந்தது. இவற்றுள் எதனையும் அழியாது, எதனையும் மற்றொன்றின் கீழ் அடக்காது, அனைத்தும் ஏற்கக்கூடிய பொதுவான விதிமுறையொன்றினால் அவற்றைத் தொடுப்பதே ‘இன்டர்நெட்’ என்ற கருத்தின் உயிர்நிலை. 1983 ஜனவரி 1 ஆந் திகதி ஆர்ப்பாநெட் தனது பழைய விதிமுறையைக் கைவிட்டு இப்பொது விதிமுறைக்கு மாறியது. இந்நாளையே பலர் இணையத்தின் பிறந்தநாளாகக் கொள்வர்.

1995 ஒக்டோபர் 24 ஆந் திகதி அமெரிக்கக் கூட்டாட்சி வலையமைப்புப் பேரவை ‘இன்டர்நெட்’ என்ற சொல்லுக்கு வரைவிலக்கணமொன்றைத் தீர்மானமாக நிறைவேற்றியது. பொதுவான முகவரி முறை, பொதுவான தொடர்பாடல் விதிமுறை, அவற்றின் மீது கட்டியெழுப்பப்படும் சேவைகள் என்னும் மூன்று கூறுகளை அவ்வரைவிலக்கணம் வேறுபடுத்திக் காட்டியது. சேவைகள் இணையத்தின் மீது அமைவன. அவை தாமே இணையம் ஆகா. 1989 இல் ரிம் பேர்னர்ஸ்-லீ ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனத்தில் முன்மொழிந்த ‘உலகளாவிய வலை’யும் அவ்வாறு மேலமைந்த சேவைகளுள் ஒன்றேயாகும். மின்னஞ்சல் அதற்கு முந்தியது. இவ்வேறுபாடு இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இன்றியமையாதது.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் எழுத்து வடிவிலும் ஒரு வரலாறு உண்டு. நெடுங்காலமாக அது தலைப்பெழுத்துடன், இடப்பெயர் போலவும் ஆட்பெயர் போலவும், சிறப்புப்பெயராக எழுதப்பட்டு வந்தது. 2016 இல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் சிறிய எழுத்திற்கு மாறிற்று. மின்சாரம், தொலைபேசி என்பன போல அதுவும் பொதுப்பெயராகிவிட்டது என்பது இம்மாற்றத்தின் உட்கிடை. தலைப்பெழுத்தற்ற தமிழில் இவ்விவாதத்திற்கு இடமே இல்லை. அது ஒரு சிறப்பென்றோ குறையென்றோ கூறுதற்கில்லை. ஆயின், சிறப்புப்பெயருக்கும் பொதுப்பெயருக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்ச்சொல் எழுத்தினாற் காட்டாது, வழக்கினாலேயே காட்ட வேண்டியுள்ளது என்பது கவனிக்கத்தக்கது.

2. பிறமொழிகள் சென்ற வழி

நமது அண்டை மொழிகள் பலவும் மூலச்சொல்லின் இரு உறுப்புகளையும் தனித்தனியே மொழிபெயர்த்துள்ளன. சிங்களத்தில் ‘அந்தர்ஜாலய’, தெலுங்கில் ‘அந்தர்ஜாலம்’, கன்னடத்தில் ‘அந்தர்ஜால’, இந்தியில் ‘அந்தர்ஜால்’ என வழங்குவன யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இலத்தீன் ‘இன்டர்’ என்பதும் வடமொழி ‘அந்தர்’ என்பதும் தொல்லுறவுடையன ஆகையால் இம்மொழிபெயர்ப்பு முதனோக்கிற் பொருத்தமாகவே தோன்றும்.

எனினும், ‘அந்தர்’ என்பது வடமொழித் தொகைகளிற் பெரும்பாலும் ‘உள்ளே’ என்ற பொருளையே தரும். அந்தர்முகம், அந்தர்யாமி, அந்தரங்கம் என்ற சொற்களை நோக்குக. இந்தியில் ‘சர்வதேச’ என்ற பொருளுக்கு ‘அந்தர்’ என எழுதுவதா ‘அந்தர’ என எழுதுவதா என இலக்கணவறிஞர் வாதிட்டமைக்கும் இதுவே காரணம். முன்னையது நாட்டினுள் என்றும் பின்னையது நாடுகளிடையே என்றும் பொருள்படும் என்பர். இவ்வாறு நோக்கின் ‘அந்தர்ஜாலம்’ என்பதற்கு ‘வலைகளிடையிலானது’ என்பதை விட ‘உள்வலை’ என்ற பொருளே நேரியதாகும். உள்வலை என்பதோ ஒரு நிறுவனத்தினுள் மட்டும் இயங்கும் வேறொன்றின் பெயராதற்கு உரியது. மேலும், தமிழ் இவ்வழியைப் பின்பற்றியிருப்பின் ‘இந்திரஜாலம்’, ‘ஜாலவித்தை’ என்பவற்றின் சாயல் அச்சொல்லின் மீது படிந்திருக்கும் என்பதையும் மறுத்தற்கில்லை.

சீன மொழியில் வழங்கும் ‘ஹூலியன்வாங்’ என்ற சொல் வேறொரு வழியைக் காட்டுகின்றது. ‘ஒன்றோடொன்று தொடுக்கப்பட்ட வலை’ என்பது அதன் பொருள். ‘இடை’ என்ற நிலையைச் சுட்டாது ‘தொடுத்தல்’ என்ற செயலைச் சுட்டுவதில் அது தமிழ்ச்சொல்லுக்கு நெருங்கியது. ஆயின், சீனச் சொல் வலையை விடவில்லை. தமிழ்ச்சொல் வலையை முற்றாக விட்டுவிட்டது. இதுவே தமிழ்ச்சொல்லின் தனித்தன்மை.

3. சொல்லமைதி

‘இணையம்’ என்ற சொல்லை இப்பொருளில் வழக்கிற்குக் கொணர்ந்த பெருமை சிங்கப்பூரைச் சேர்ந்த நா. கோவிந்தசாமிக்கு உரியதாகப் பரவலாகக் கூறப்படுகின்றது. 1997 இற் சிங்கப்பூரில் நடைபெற்ற முதலாவது தமிழ் இணைய மாநாட்டை முன்னின்று நடாத்தியவரும் அவரே. 1999 இல் அவர் மறைந்தார். அதே ஆண்டு சென்னையில் நடைபெற்ற அடுத்த மாநாட்டின் பின்னர் இச்சொல் ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றது.

இச்சொல்லின் அமைப்பு எளிதானது. ‘இணை’ என்ற அடியுடன் ‘அம்’ என்னும் விகுதி சேர, ஐகாரத்தின் பின் நன்னூல் கூறும் முறைப்படி யகர உடம்படுமெய் தோன்றுகின்றது. ‘வளை’ என்பதிலிருந்து ‘வளையம்’, ‘நிலை’ என்பதிலிருந்து ‘நிலையம்’ என்பன தோன்றியமையும் இவ்வாறே. தமிழ் பேசும் எவரும் அகராதியின் துணையின்றி இச்சொல்லின் அடியை உணர்வர். ‘அகவிணையம்’, ‘புறவிணையம்’ எனப் புதிய சொற்களை ஈனும் ஆற்றலும் அதற்கு உண்டு. தமிழிலக்கிய மரபின் அடிப்படைப் பாகுபாடான அகமும் புறமும் இங்கு எவ்வித வலிந்த முயற்சியுமின்றிப் பயன்பட்டுள்ளமை குறிப்பிடத்தக்கது.

ஆயினும், இச்சொல் அதற்கு முன் தமிழில் வழங்காத சொல் அன்று. தமிழகக் கூட்டுறவுத் துறையில் அது முன்னரே வேரூன்றியிருந்தது. ஊர்தோறும் அமைந்த சங்கங்கள் மாவட்ட மட்டத்தில் ‘ஒன்றியம்’ ஆகவும், ஒன்றியங்கள் மாநில மட்டத்தில் ‘இணையம்’ ஆகவும் அமைவன. தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையம் என்ற பெயர் இதற்கு எடுத்துக்காட்டு. ஒன்றியம் என்பது ஒன்றாதலைக் குறிக்கும்; அதனுட் சேர்வன தம் தனிமையை இழத்தல் கூடும். இணையம் என்பது தத்தம் தனித்தன்மையை இழவாது சேர்ந்து நிற்றலைக் குறிக்கும்.

கூட்டுறவுத் துறையின் இப்பொருளே மூலக்கருத்திற்கு வியக்கத்தக்க அளவில் நெருங்கிவருகின்றது. தன்னாட்சியுடைய வலையமைப்புகள் பொதுவிதியொன்றை ஏற்றுச் சேர்ந்து நிற்பதே இன்டர்நெட் எனின், அது வலையமைப்புகளின் இணையமே அன்றி வேறன்று. ‘வலை’ என்ற உறுப்பை விட்டமையால் தமிழ்ச்சொல் குறைபாடுடையது எனச் சிலர் கருதக்கூடும். உண்மையில், மூலச்சொல்லின் உறுப்புகளைப் பெயர்க்காது அதன் கருத்தைப் பெயர்த்தமையாலேயே அது அந்தர்ஜாலத்தினும் செம்மையாக அமைந்தது எனலாம்.

இங்கு ஒரு வேறுபாட்டையும் சுட்டுதல் வேண்டும். கூட்டுறவு இணையத்திற்குத் தலைவரும் பணிமனையும் உண்டு. இன்டர்நெட்டிற்கு அத்தகைய தலைமை இல்லை. ‘நிலையம்’ போன்ற சொற்களின் ஒப்புமையும் சேர்ந்து, ‘இணையம்’ என்பதை ஓர் இடமாகவோ நிறுவனமாகவோ எண்ணுமாறு தமிழரைத் தூண்டுகின்றது. அம் விகுதி ‘ஓட்டம்’, ‘ஆட்டம்’ என்பவற்றிற் செயலையும், ‘நிலையம்’ என்பதில் இடத்தையும், ‘வளையம்’ என்பதிற் பொருளையும் குறிக்கின்றது. இணையம் செயலா, இடமா, பொருளா? சொல்லமைதி இதற்கு விடை தரவில்லை. வழக்கு தந்த விடையே பின்வரும் மயக்கங்களுக்குத் தோற்றுவாயாகியது.

4. வழக்கில் நேர்ந்த மயக்கங்கள்

இன்றைய எழுத்து வழக்கில் இணையம், இணையத்தளம், வலை, வலைத்தளம், வலையமைப்பு என்னும் சொற்கள் ஒன்றிற்கு மற்றொன்று பதிலியாக வழங்குவதைக் காணலாம். ‘இணையத்தளத்தில் தேடியபோது’ என ஒருவர் எழுதும்போது அவர் கருதுவது குறிப்பிட்ட ஒரு தளத்தையன்று, இணையம் முழுவதையுமே. மறுபுறம், ‘இணையத்தில் வெளியாகியுள்ளது’ எனச் செய்தியாளர் எழுதுவது பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு தளத்தையே சுட்டும். முன்னதிற் பகுதியின் பெயர் முழுமைக்கு வருகின்றது; பின்னதில் முழுமையின் பெயர் பகுதிக்கு வருகின்றது. ஆகுபெயர் தமிழுக்குப் புதியதன்று. ஆயின், இலக்கியத்தில் ஆகுபெயர் பொருளை விரிப்பது. ஆய்விலும் செய்தியிலும் அது பொறுப்பை மறைப்பது. ‘இணையத்திற் காணப்பட்டது’ என மேற்கோளிற்கு ஆதாரங் காட்டும் மாணவன் ‘நூலகத்திற் காணப்பட்டது’ என ஆதாரங் காட்டுபவனிலும் வேறானவன் அல்லன். யார் எழுதியது, எங்கு, எப்பொழுது என்ற வினாக்கள் மூன்றும் ஒரு சொல்லினுள் மறைந்துவிடுகின்றன.

‘இணைய இணைப்பு’ என்ற தொடரும் நோக்கத்தக்கது. ஒரே அடி இருமுறை வந்தும் எவரும் அதனைக் கூறியது கூறலாக உணர்வதில்லை. அடிச்சொல்லின் பொருள் மங்கி, ‘இணையம்’ என்பது வெறும் பெயராக இறுகிவிட்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. சேர்தல் என்ற செயல் மறைந்து, சேர்ந்து கொள்ளப்படும் ஒரு பொருள் மட்டும் எஞ்சியுள்ளது.

‘வலை’ என்ற சொல்லின் நிலை வேறு. அது நெய்தல் நிலத்தின் சொல். பரதவரின் கருவியாகத் தோன்றி, பக்தி மரபிற் பாசத்தின் உருவகமாகி, பேச்சு வழக்கில் வஞ்சனையின் பெயராயிற்று. வலை விரித்தல், வலையில் வீழ்த்தல், வலையிற் சிக்குதல் என்னும் வினைகளே அதனுடன் இயல்பாகச் சேர்வன. ‘இணைய வலையிற் சிக்கிய இளைஞர்’ போன்ற தலைப்புகள் இம்மரபிலிருந்தே ஆற்றல் பெறுகின்றன. உலகளாவிய வலை என்ற தொழினுட்பப் பொருளும் பொறி என்ற மரபுப் பொருளும் அங்கு கலக்கின்றன. இதனால், ‘இணைய வலைத்தளம்’ என இரண்டையும் அடுக்கி எழுதும் வழக்கம் சொற்சிக்கனத்திற்கு மாறானது மட்டுமன்று; ஒன்றின் மீது அமைந்த மற்றொன்றை அதனோடு ஒன்றாக்குவதுமாகும்.

தமிழ்நாட்டரசு 2001 இல் நிறுவிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் இங்கு நினைவுகூரலாம். 2010 இல் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஆங்கிலப் பெயரில் ‘மெய்ந்நிகர்’ என்ற பொருள்படும் சொல் நிற்கும் இடத்திலேயே தமிழ்ப் பெயரில் ‘இணைய’ என்பது நிற்கின்றது. இவ்வாறு மெய்ந்நிகர், எண்ணிமம், மின்னியல் என்ற பல கருத்துகளின் சுமையையும் ஒரே சொல் தாங்க நேர்ந்துள்ளது.

5. பகுதி முழுமையெனக் கொள்ளப்படும்போது

கொழும்பைத் தளமாகக் கொண்ட லேர்ன்ஏஷியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹெலானி கல்பாய 2012 அளவில் இந்தோனேசியாவில் ஒரு விந்தையைக் கவனித்தார். இணையத்தைப் பயன்படுத்துவதில்லை எனக் கூறியோர் குழுக் கலந்துரையாடல்களில் முகநூலில் தாம் செலவிடும் நேரத்தைப் பற்றி ஆர்வத்துடன் பேசினர். அவர்களுக்கு முகநூல் இணையத்தின் ஒரு பகுதியன்று, அதுவே தனியுலகம். இது அறியாமை எனத் தள்ளத்தக்கதன்று. சொல்லொன்றின் எல்லையை யார் வரைகின்றனர் என்ற வினா இதனுள் அடங்கியுள்ளது.

2013 இல் அந்நிறுவனமே ‘இன்டர்நெட்.ஓர்க்’ என்ற பெயரிற் கட்டணமற்ற சேவையொன்றைத் தொடங்கியது. தெரிந்தெடுக்கப்பட்ட சில தளங்களையே அது வழங்கியது. எனினும், முழுமையின் பெயரை அது தனக்குச் சூட்டிக்கொண்டது. கடும் எதிர்ப்பின் பின்னர் 2015 இல் அச்சேவையின் பெயர் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என மாற்றப்பட்டது. 2016 பெப்ரவரி 8 ஆந் திகதி இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அதிகாரசபை உள்ளடக்கத்திற்கேற்ப வெவ்வேறு கட்டணம் அறவிடுவதைத் தடைசெய்ததுடன் அந்நாட்டில் அது முடிவிற்கு வந்தது. அவ்விவாதத்தின் ஒரு கூறு பொருளாதாரம் சார்ந்ததெனின் மற்றொரு கூறு முற்றிலும் சொற்பொருள் சார்ந்தது. எதனை இணையம் என அழைக்கலாம்?

இவ்வினா இலங்கைக்கு வேறொரு வடிவில் வந்தது. 2018 மார்ச்சிற் கண்டி மாவட்ட வன்செயல்களை அடுத்தும், 2019 ஏப்ரல் 21 இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை அடுத்தும், 2022 ஏப்ரல் 3 இல் மக்கள் போராட்டத்தின் போதும் நாடு முழுவதும் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டன. அன்றாடப் பேச்சில் இவற்றை ‘இணையத்தை நிறுத்தியமை’ எனக் கூறுவோர் உளர். அவ்வாறு கூறுதல் பொருந்தாது. குறிப்பிட்ட சேவைகளுக்கான வழி தடுக்கப்பட்டது, இணையம் இயங்கியது. அதனாலேயே பலர் மாற்று வழிகளிலே தடையைக் கடந்தனர். 2019 ஓகஸ்ட் தொடக்கம் காஷ்மீரில் நிகழ்ந்தது இதனின்றும் வேறானது. அங்கு இணையமே துண்டிக்கப்பட்டது. மருத்துவமனையும் வங்கியும் பல்கலைக்கழகமும் ஒருசேர இருளில் ஆழ்ந்தன. 2020 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் இணையத்தின் வழியான கருத்து வெளிப்பாடு அரசியலமைப்பின் பாதுகாப்பிற்கு உட்பட்டது எனக் கூறியது அத்துண்டிப்பு பற்றிய வழக்கிலேயே ஆகும்.

இரு நிகழ்வுகளையும் ஒரே தொடராற் குறிப்பிடும் மொழி இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பேசும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. சிறிய தடையைப் பெரிதாகக் கூறுவது போராட்ட உணர்விற்கு உகந்ததாகத் தோன்றலாம். ஆயின், உண்மையிலேயே பெரிய துண்டிப்பு நேரும் நாளில் அதற்கென எஞ்சிய சொல் இல்லாது போய்விடும்.

6. ‘நிகழ்நிலை’யும் சட்டத்தின் மொழியும்

இலங்கையிற் பிரச்சினை மேலும் சிக்கலடைவது சட்டமொழியிலாகும். 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தமிழில் ‘நிகழ்நிலைக் காப்புச் சட்டம்’ எனப் பெயர் பெற்றது. ஆங்கிலத்தில் ‘ஒன்லைன்’ என்ற சொல் நிற்குமிடத்திற் சிங்களத்தில் ‘மார்ககத’ என்பதும் தமிழில் ‘நிகழ்நிலை’ என்பதும் நிற்கின்றன. சிங்களச் சொல்லின் நேர்ப்பொருள் ‘வழியிற் சென்ற’ அல்லது ‘பாதையில் உள்ள’ என்பதாகும். தொடர்பின் பாதையை அது சுட்டுகின்றது. தமிழ்ச்சொல்லோ நிகழ்ந்துகொண்டிருக்கும் நிலையைச் சுட்டுகின்றது.

இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் பத்தாண்டுகளுக்கு முன் எழுதிவிட்டு மறந்த குறிப்பொன்று இன்றும் ஒரு தளத்திற் கிடக்குமாயின் அது தொடர்பின் பாதையில் உள்ளது. ஆனால் எதுவும் அங்கு நிகழவில்லை. சாதாரணத் தமிழ் வாசகர் ‘நிகழ்நிலை’ என்பதை நேரடி ஒளிபரப்பிற்கோ நிகழும் உரையாடலுக்கோ உரியதாகவே கருதுவர். தம் பழைய எழுத்தும் அச்சொல்லின் எல்லைக்குள் அடங்கும் என்பது அவர்க்குச் சொல்லிலிருந்து தோன்றாது. 2020 இற் பெருந்தொற்றுக் காலத்திலே பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் ‘இணையவழிக் கற்பித்தல்’ என்ற தொடரை இயல்பாகவே கையாண்டன. மக்கள் அறிந்த ‘இணையவழி’ இருக்கவும் ‘நிகழ்நிலை’ ஏன் வேண்டப்பட்டது என வினவுதல் தகும்.

இதனைச் சிறுசொற் பூசல் என ஒதுக்கல் இயலாது. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. எனினும், சட்டங்களின் சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே முரண்பாடு எழுமிடத்துச் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாசகம் சட்டங்களின் இறுதியில் வழமையாக இடம்பெறுகின்றது. எனவே, தமிழ் உரையை மட்டும் படிக்கும் குடிமகன் ஒரு பொருளை விளங்கிக்கொள்ள, அவன் மீது செலுத்தப்படும் விதி வேறொரு பொருளைக் கொண்டிருத்தல் கூடும். கருத்து வெளிப்பாட்டைக் குற்றமாக்க வல்ல சட்டமொன்றில் இவ்விடைவெளி அகராதிப் பிரச்சினையாக மட்டும் இருத்தல் இயலாது. மொழிபெயர்ப்பாளரின் மேசையில் ஒரு நாளில் முடிவு செய்யப்படும் சொல் நீதிமன்றத்தில் ஒருவரின் விதியை முடிவு செய்வதாகலாம்.

7. ‘இணையத்தில் இருக்கின்றது’

இறுதியாக, இடம் பற்றிய உருவகத்தை நோக்குவோம். ‘இணையத்தின் வழி’, ‘இணையத்தின் ஊடாக’ என்ற வழக்குகள் இணையத்தை வழியாகக் கொள்கின்றன. ‘இணையத்தில்’ என்ற ஏழாம் வேற்றுமை வழக்கோ அதனை இடமாகக் கொள்கின்றது. முன்னது தொழினுட்பத்திற்கு நெருங்கியது, பின்னதே பெருவழக்கு. இடமெனக் கொண்டபின் அங்கு வைக்கப்பட்டது அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையும் உடன் எழுகின்றது.

உண்மையில் ‘இணையத்தில்’ எதுவும் இருப்பதில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில், எவருக்கோ உரிமையான கணினியில், எவரோ செலுத்தும் மின்கட்டணத்தின் துணையுடன் அது இருக்கின்றது. மாத்தறையிற் கரையேறும் கடலடிக் கம்பிவடத்தைப் போன்ற பருப்பொருள்களின் வழியே அது நம்மை வந்தடைகின்றது. அக்கணினி நிறுத்தப்படின் அது மறைந்துவிடும். 2009 ஒக்டோபரில் ‘ஜியோசிற்றீஸ்’ சேவை மூடப்பட்டபோது இலட்சக்கணக்கான பக்கங்கள் அவை இருந்த இடத்திலிருந்து ஒருசேர அகன்றன. 1990களில் ஒவ்வொரு தளமும் தனக்கெனக் கையாண்ட எழுத்துருக்களில் அமைந்த தமிழ்ப் பக்கங்களுள் எஞ்சியவையும் அவ்வெழுத்துருக்கள் இன்றி இன்று வாசிக்க இயலாதனவாய் உள்ளன.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகம் ஒன்று எண்ணிம வடிவத்தை ஆவலுடன் நாடுவது இயல்பே. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005 இல் ஈழத்து எழுத்துகளுக்கெனத் தொடங்கிய நூலகத் திட்டமும் அவ்வாவலின் பயன்கள். இவற்றின் நிலைபேற்றிற்குக் காரணம் அவை ‘இணையத்தில்’ இருப்பதன்று. அவற்றைப் பேணுவோர் இருப்பதே. ஆவணம் ஒன்றை ‘இணையத்தில் ஏற்றியாயிற்று’ எனக் கூறி மூலப்படியைக் கைவிடும் மனப்பாங்கு நூலகத்திற்குத் தீ வைக்காமலே அதனை இழக்கும் வழியாகலாம். ஒரு வேற்றுமையுருபின் மீது இத்துணைப் பாரத்தை ஏற்றுதல் மிகையெனத் தோன்றலாம். ஆயினும், வேற்றுமையுருபு நம்பிக்கையை வெளிப்படுத்துகின்றது. நம்பிக்கை நடத்தையை உருவாக்குகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ‘இணையம்’ என்ற சொல்லில் குறையில்லை என்பது தெளிவாகும். தன்னாட்சியுடைய பல உறுப்புகள் பொதுவிதியின் கீழ்ச் சேர்ந்து நிற்றல் என்ற மூலக்கருத்தை அது தன் அடியிலேயே கொண்டுள்ளது. குறை வழக்கில் உள்ளது. முழுமைக்கு இணையம், அதன் மீது அமைந்த பக்கங்களின் தொகுதிக்கு வலை, அத்தொகுதியின் ஓர் உறுப்பிற்கு இணையத்தளம், இவற்றிற்கு அடிநிலையான ஒவ்வொரு கட்டமைப்பிற்கும் வலையமைப்பு, தொடர்பு கொண்டுள்ள நிலைக்கு இணையவழி என ஐந்து சொற்களையும் அவற்றிற்குரிய எல்லையில் நிறுத்தினால் மயக்கம் பெருமளவு நீங்கும். இவற்றுள் எதுவும் புதிதாக ஆக்கப்பட வேண்டிய சொல் அன்று. எல்லாம் ஏற்கெனவே வழக்கில் உள்ளவை.

சொல்லாக்கக் குழுக்கள் புதிய சொற்களின் பட்டியலைத் தருவதோடு தம் பணி முடிந்தது எனக் கொள்வது மரபாகிவிட்டது. ஆக்கிய சொல் சட்டத்திலும் செய்தியிலும் வகுப்பறையிலும் எவ்வாறு வழங்குகின்றது எனத் தொடர்ந்து கண்காணிப்பதும் அப்பணியின் பகுதியே. அக்கண்காணிப்பிற்கு உரிய இடம் பல்கலைக்கழகம். தமிழ்த்துறையும் சட்டத்துறையும் கணினித்துறையும் ஒரே வளாகத்தில் இருந்தும் தத்தம் சொற்களைத் தனித்தனியே வழங்கிவருமாயின், அவற்றிடையே இல்லாதிருப்பதும் இணையம் என்ற சொல் குறிக்கும் அப்பண்பே ஆகும்.